ஆற்றுப்படுத்துகிறவருக்கு வழி சொல்வது யார்?



அண்ணல் அம்பேத்கரின் நினைவாக ஓர் இலக்கிய மன்றம் நடத்தும் சொற்பொழிவு என்றால் கவிதையோ நாவலோ தன்வரலாறோ பேசுபொருளாக இருக்கும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்டிருப்பது வேறு. குடும்ப ஆற்றுப்படுத்தல் கற்கிற மாணவர்கள் தங்களுக்கு வேண்டிய தகவலை எங்கே தேடுகிறார்கள், கிடைத்ததை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் பொருள். தலைப்பைச் சொன்னதும், "இது நூலகத்துறைக்காரர்கள் பேச வேண்டிய விஷயமல்லவா?" என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களும் பேசட்டும். நமக்கு இதில் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது.

குமரி மாவட்டத்தில் நம் தெருக்களிலிருந்து பிள்ளைகள் இப்போது சமூகப்பணி, உளவியல், ஆற்றுப்படுத்தல் பட்டயம் என்று படிக்கப் போகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91 விழுக்காட்டுக்கு மேல். அதே கணக்கில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு நான்கு பேர் என்ற அளவில்தான். 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தி காரணமாக, கிறிஸ்தவரான நம் சொந்தங்கள் இந்த நான்கில் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வகுப்பில் நம் பிள்ளை ஒருத்தி, அதிகம் போனால் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். படிப்பு முடிந்ததும் அவர்கள் போகும் இடங்கள் நமக்குத் தெரிந்தவை: அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் ஓரத்து மேசை, ஒருங்கிணைந்த சேவை மையம், குடும்ப நல ஆலோசனை மையம், நீதிமன்றம், சபையின் ஆலோசனை அறை. அடிபட்ட பெண்ணும், சாதி மாறிக் காதலித்து ஓடிவந்த இருவரும் வந்து உட்காரும் நாற்காலிகள் அங்கேதான் கிடக்கின்றன. எதிரே இருப்பவர் என்ன படித்திருக்கிறார் என்பது, வந்தவர் அன்று இரவு எங்கே தூங்குவார் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுப் போகலாம். கவுன்சலிங் என்பதைத் தமிழில் ஆற்றுப்படுத்தல் என்கிறோம். மனதை ஆற்றுவது என்று பலர் பொருள் கொள்கிறார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய இலக்கியத்தில் 'ஆறு' என்றால் வழி. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணனோ கூத்தனோ, பசியோடு எதிரே வருகிற இன்னொருவனிடம் இந்த வழியே போ, இன்னாரைப் பார் என்று சொல்வது அதன் அமைப்பு. சொல்பவன் அந்த வழியில் நடந்தவன், கேட்பவன் அவனைப் போலவே ஏழை. ஒரே தொழில், ஒரே பசி. தகவல் எப்படிக் கைமாற வேண்டும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் நமக்குத் தெரியவில்லை. இன்று ஆற்றுப்படுத்தல் கற்கும் தலித் மாணவிக்கு அந்த வழியில் நடந்து திரும்பிய ஆள் எதிரே வருவதில்லை. சிக்கல் அங்கே தொடங்குகிறது.

பயிற்சியில் இருக்கும் மாணவர்களோடு நாங்கள் பேசிப் பார்த்தவரை, தேடலுக்கு ஏறக்குறைய ஒரே வரிசைதான் இருக்கிறது. முதலில் சீனியர் அக்காவிடம் கேட்பது. அடுத்து வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் பிடிஎஃப். பிறகு யூடியூப். பிறகு ஆசிரியர் கொடுத்த நோட்ஸின் ஜெராக்ஸ். கல்லூரி நூலகம் கடைசி. புத்தகம் இல்லாமல் இல்லை. மினுச்சின், விர்ஜினியா சட்டீர், போவன் எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறார்கள். விலை கூடிய புத்தகம் என்பதால் சாவி ஒருவரிடம், கையெழுத்து இன்னொருவரிடம். அதையும் கடந்து கையில் எடுத்தால் ஆங்கிலம். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை ஒரு பக்கத்தைக் கடக்க ஒரு மாலை ஆகிறது. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931இலேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது அதில் முதல் விதி. கண்ணாடி அலமாரி செய்தவர்கள் அந்த விதியைத் தேர்வுக்கு மட்டும் படித்திருப்பார்கள்.

ஆனாலும் மொழியையும் விலையையும் மட்டும் காரணம் சொல்லிவிட்டுப் போக முடியாது. எல்ஃப்ரிடா சாட்மன் என்றொரு கறுப்பின அமெரிக்க ஆய்வாளர் இருந்தார். துப்புரவுப் பணியாளர்கள், முதியோர் குடியிருப்பில் வாழும் பெண்கள், சிறையில் இருக்கும் பெண்கள் ஆகியோர் தகவலை எப்படித் தேடுகிறார்கள் என்று ஆராய்ந்தவர். தகவல் வறுமை என்பதைப் பற்றி 1996இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரத்தை நம் மொழியில் இப்படிச் சொல்லலாம். தகவல் பக்கத்திலேயே இருந்தாலும், கேட்டால் தன்னைப் பற்றிய ஏதோ ஒன்று வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சுகிறவர் கேட்கமாட்டார். மறைப்பார், பொய் சொல்வார், தேவையே இல்லாததுபோல் நடந்துகொள்வார். அது அறியாமையல்ல, தற்காப்பு. இதைப் படித்தபோது எங்களுக்கு நம் வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. "சார், சாதி மாறிக் கல்யாணம் பண்ணினவங்க வந்தா எப்படிப் பேசணும்?" என்று ஒரு மாணவி கேட்டால், கேள்வி அவளுக்குத் திரும்பி வரும். ஏன் கேக்குற, உனக்கு எந்த ஊரு, எந்தத் தெரு, எந்தச் சபை? இந்த மாவட்டத்தில் சாதியை நேராகக் கேட்க வேண்டியதில்லை. ஊரும் தெருவும் சபையும் போதும். அதனால் அவள் கேட்பதில்லை. ஆசிரியர் நல்லவராக இருந்தாலும் கேட்பதில்லை. தேர்வில் முதல் மதிப்பெண் வாங்குவாள், அந்தக் கேள்வி மட்டும் உள்ளேயே கிடக்கும்.

சரி, கேட்காமலே அலமாரியைத் திறந்து படித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு என்ன கிடைக்கும்?

குடும்பச் சிகிச்சை கற்கும் எவரும் முதலில் வரையப் பழகுவது ஜீனோகிராம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இடையே கோடுகள், மூன்று தலைமுறை. நல்ல கருவிதான், நாங்களும் மாணவர்களோடு உட்கார்ந்து வரைந்து பார்த்தோம். நாஞ்சில் நாட்டில் அதை வரையும்போது இரண்டு இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. ஒன்று, மருமக்கள்வழி. கவிமணியின் 'மருமக்கள்வழி மான்மியம்' படித்தவர்களுக்கு விளங்கும். அந்த முறையில் சொத்து தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது, மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். நாஞ்சில் வேளாளர்களிடையே 1926இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் கொண்டுவந்த பிறகே அது மாறியது. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று பாடப்புத்தகம் காட்டும் குடும்பம் இங்கே மேல்சாதியிலேயே நூறாண்டுப் பழக்கம்தான். பேரன் பேத்திகள் இன்று 'நம்ம குடும்ப வழக்கம்' என்று அடித்துப் பேசுவது அந்தச் சட்டத்துக்குப் பிறகு வந்த வழக்கம்.

இரண்டாவது நிறுத்தம் நம்முடையது. சாம்பவர், புலையர், குறவர் வீட்டுப் பிள்ளை மூன்று தலைமுறையைத் தாண்டி நான்கு, ஐந்து என்று மேலே போனால் கோடு அறுகிறது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்கு முன் நம் முன்னோர் நிலத்தோடும் நிலமில்லாமலும் விற்கப்பட்டார்கள். கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், பிள்ளை ஓரிடம் என்று பிரிக்கப்பட்டதை அக்கால மிஷனரிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். சாமுவேல் மட்டீரின் 1871ஆம் ஆண்டு நூலும் 1883ஆம் ஆண்டு நூலும் இணைய ஆவணக் காப்பகத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. மிஷனரியின் கண்ணால் எழுதியது, அதற்குரிய எச்சரிக்கையோடு படியுங்கள், ஆனால் படியுங்கள். 'குடிகாரத் தகப்பன், பொறுப்பில்லாத குடும்பம்' என்று கேஸ் தாளில் எழுதுவதற்கு முன்னால், குடும்பமாக இருப்பதற்கே உரிமை இல்லாத காலம் ஒன்று இந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்படிச் சொல்வதால் குடித்துவிட்டு அடிப்பவனை நாம் காப்பாற்றவில்லை. அவனுக்கு வேறு சட்டம் இருக்கிறது, பின்னால் வருகிறேன் என்று சொல்லாமல், நாம் வருவோம்.

வெளிநாட்டுப் புத்தகம் எல்லாமே நமக்கு அந்நியம் என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சோம்பல். மினுச்சினின் 1974ஆம் ஆண்டுப் பாடநூலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு ஏழு ஆண்டு முன்பே அவரும் அவருடைய தோழர்களும் 'சேரிக் குடும்பங்கள்' என்று தமிழாக்கத்தக்க தலைப்பில் ஒரு நூல் எழுதினார்கள். நியூயார்க்கின் ஏழைக் குடும்பங்கள், வில்ட்விக் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பையன்கள் பற்றியது. இந்தத் துறையின் வேர்களில் ஒன்று சேரியில்தான் இருக்கிறது. 1989இல் நான்சி பாய்ட்-பிராங்க்ளின் கறுப்பினக் குடும்பங்களோடு செய்யும் சிகிச்சையைப் பற்றித் தனி நூலே எழுதினார். நியூசிலாந்தில் லோயர் ஹட் என்ற ஊரில் இருக்கும் குடும்ப மையம் இன்னும் ஒரு படி போனது. மாவோரி, பசிபிக் தீவினர், வெள்ளையர் என்று தங்களைத் தனித்தனிப் பிரிவாக அமைத்துக்கொண்டு, வெள்ளையர் பிரிவு தன் வேலைக்கு மற்ற இரு பிரிவுகளிடமும் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். வீடில்லாமல் மனம் உடைந்து வருபவரிடம் மனதைப் பற்றி மட்டும் பேசுவது அநியாயம் என்பது அவர்கள் நிலை. அதற்கு 'நீதியான சிகிச்சை' என்று பெயர். நம் ஊரில் ஓர் ஆலோசனை மையம், சாதி வழக்குகளில் தன் வேலைக்குத் தலித் பெண்களிடம் பதில் சொல்லும்படி அமைந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தியாவிலும் நல்ல மரபு உண்டு. 1950களில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பத்தாரை மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மனநல மையம் உறவினர் உடன் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாகவே ஆக்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸின் குடும்ப வார்டு பற்றிய கட்டுரை 1980இல் உலக அளவிலான குடும்பச் சிகிச்சை இதழில் வந்தது. இவற்றில் பலவற்றை இன்று காசில்லாமல் தேடிப் படிக்க முடியும். இந்திய உளமருத்துவ இதழ் இணையத்தில் திறந்தே இருக்கிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஆற்றுப்படுத்தல், குடும்பச் சிகிச்சைப் பாடங்கள் இஞானகோஷ் தளத்தில் உள்ளன. ஆய்வேடுகள் சோத்கங்காவில். 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களை ஒன்றிய அரசு திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கானது. ஆற்றுப்படுத்தல் பயிற்சியை அறக்கட்டளைகளிலும் தனியார் கல்லூரிகளிலும் பெறுகிற பிள்ளைகள் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். சோத்கங்கா யாரையும் எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை; மாணவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம்.

பயிற்சியில் இருந்த ஒரு மாணவி எங்களிடம் கொண்டுவந்த கேள்வி இது. ஒரு பெண்ணின் பெற்றோர் மையத்துக்கு வந்திருக்கிறார்கள். பெண் சாம்பவர் வீட்டுப் பையனைக் காதலிக்கிறாள். "பிள்ளைக்குக் கொஞ்சம் கவுன்சலிங் குடுங்கம்மா, மனசு மாறட்டும்." மாணவி அன்று இரவு முழுக்கத் தேடியிருக்கிறாள். புத்தகத்தில் எல்லைகள் என்று இருந்தது, முக்கோண உறவு என்று இருந்தது, தலைமுறை மோதல் என்று இருந்தது. யூடியூபில் ஒருவர் பெற்றோரின் தியாகம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். இந்தப் பெண் திரும்பிப் போனால் உயிரோடு இருப்பாளா, அந்தப் பையன் இருப்பானா என்று கேட்கச் சொல்லி எதிலும் இல்லை. மேற்பார்வையாளர் குடும்ப ஒற்றுமைதான் நம் நோக்கம் என்றிருக்கிறார். குடும்ப ஒற்றுமை என்ற பெயரில் காதலர்களைப் பிரிக்கும் வேலை இங்கே கவுன்சலிங் என்ற பெயரில் நடந்துகொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இளவரசன் 2013 ஜூலையில் தருமபுரி ரயில் தண்டவாளத்தின் அருகே கிடந்தார். உடுமலை சங்கரை 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் வெட்டினார்கள். 2025 ஜூலை 27இல் கவின் செல்வகணேஷ் கொல்லப்பட்டது பாளையங்கோட்டையில். நாகர்கோவிலில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்.

அந்த மாணவிக்குத் தேவைப்பட்ட தகவல் உளவியல் அலமாரியில் இல்லை, சட்ட அலமாரியில் இருந்தது. சங்கர் கொலைக்கு ஒரு மாதம் கழித்து, 2016 ஏப்ரலில், வேறொரு கொலை வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், மாவட்டச் சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் கொண்ட தனிப்பிரிவு அமைக்க வேண்டும், சாதி மாறி மணந்தவர்களின் புகாரை அது வாங்க வேண்டும், 24 மணி நேர உதவி எண் வேண்டும் என்றது. பெற்றோருக்கு ஆலோசனை வழங்குவதையும் அது பேசியது. கவனியுங்கள், ஆலோசனை பெற்றோருக்கு. காதலித்த பிள்ளைக்கு அல்ல. 2018 மார்ச் 27இல் சக்தி வாகினி வழக்கில் உச்சநீதிமன்றம் பாதுகாப்பு இல்லங்கள், தனிப்பிரிவுகள், அதிகாரிகளின் பொறுப்பு என்று நாடு முழுமைக்கும் வழிமுறை வகுத்தது. குடும்ப ஆற்றுப்படுத்தலை நேரடியாகத் தொடும் இந்த இரண்டு தீர்ப்புகளையும் நாங்கள் பார்த்த எந்தப் பயிற்சிப் பாடத்திட்டத்திலும் காணவில்லை.

அடிக்கிற கணவனின் விஷயமும் அப்படித்தான். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, அதன் 14ஆம் பிரிவில் ஆற்றுப்படுத்தலைப் பற்றிச் சொல்கிறது. 2006இல் வந்த விதிகளில் 14ஆம் விதி, ஆலோசகர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விரிவாகப் பேசுகிறது. தான் அடித்ததற்கு நியாயம் சொல்ல எதிர்மனுதாரரை அந்த அமர்வில் அனுமதிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. நம் மையங்களில் பாதி அமர்வு அந்த நியாயத்தைக் கேட்பதிலேயே போகிறது. 'அவளும் வாய் பேசுவாளே' என்பதில் தொடங்கி 'சோறு நேரத்துக்கு வைக்கல' என்பதுவரை. மினுச்சினைப் படிக்கும் முன் பயிற்சியாளர் இந்த ஒரு விதியைப் படித்திருந்தால் எவ்வளவோ பெண்கள் இன்னொருமுறை அவமானப்படாமல் வீடு போயிருப்பார்கள்.

அண்ணலின் பெயரால் நடக்கும் கூட்டத்தில் அவரைக் கடைசியில் மட்டும் சொல்லக் கூடாது என்று நினைத்தோம், ஆனால் அவர் வந்து சேர வேண்டிய இடம் இதுதான். 1916 மே 9ஆம் நாள், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை அவர் வாசித்தார். அதைச் சாதி பற்றிய கட்டுரை என்றே நாம் படித்து வந்திருக்கிறோம். குடும்பச் சிகிச்சை கற்கும் ஒருவர் அதைத் திறந்தால் அது குடும்பம் பற்றிய கட்டுரை என்பது முதல் சில பக்கங்களிலேயே தெரியும். அகமணம்தான் சாதியின் சாரம் என்கிறார். அகமணத்தைக் காக்க வேண்டுமானால் துணையை இழந்த பெண்ணையும் துணையை இழந்த ஆணையும் குழு ஏதாவது செய்தாக வேண்டும். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் மூன்றும் அந்தக் கணக்கைச் சரிசெய்யும் வழிகள் என்று காட்டுகிறார். ஒரு குடும்பம் தன் பெண்ணை ஏன் கண்காணிக்கிறது, தகப்பனின் கோபம் எங்கிருந்து வருகிறது, ஊர் ஏன் ஒரு வீட்டின் படுக்கையறைக்குள் எட்டிப் பார்க்கிறது என்று கேட்கிற எவருக்கும் இதைவிட அடிப்படையான பாடம் நம் நாட்டில் எழுதப்படவில்லை என்பது எங்கள் கருத்து. மனோதத்துவப் பேராசிரியர்கள் முகம் சுளிக்கலாம். அந்தக் கட்டுரை இருக்கும் முதல் தொகுதி வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. தமிழ்த் தொகுதிகளை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அச்சிட்டிருக்கிறது. தாதரில் ராஜகிருகம் கட்டியபோது மனிதர் இருக்கும் இடத்தைவிடப் புத்தகம் இருக்கும் இடத்தைப் பற்றித்தான் அவர் அதிகம் யோசித்தார் என்பார்கள். புத்தகம் கையில் கிடைப்பதன் அருமை தெரிந்தவர்.

இலக்கிய மன்றம் என்பதால் இலக்கியத்தையும் சொல்லியாக வேண்டும். பாமாவின் 'கருக்கு', 'சங்கதி', சிவகாமியின் 'பழையன கழிதலும்', கே.ஏ.குணசேகரனின் 'வடு', ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' எல்லாமே தலித் வீட்டுக்குள்ளிருந்து எழுதியவை. பயிற்சியாளருக்கு இவை ஆதாரங்கள். 'சங்கதி'யில் பெண்கள் தெருவில் நின்று சத்தம் போடுவதை, பாடப்புத்தகம் மட்டும் படித்தவர் கட்டுப்பாடில்லாத உணர்ச்சி என்று குறிப்பெழுதுவார். நாவலைப் படித்தவர், சாட்சிக்குத் தெருவையே கூப்பிடுகிறாள் என்று எழுதுவார். எங்கள் பக்கத்துக் கதை என்று மாணவர்கள் எல்லோரும் கொண்டுவருவது ஜெயமோகனின் 'நூறு நாற்காலிகள்'. தாயும் மகனும் பற்றிய பகுதி எவரையும் உலுக்கும். ஆனால் அந்தத் தாயின் குரல் வெளியிலிருந்து கேட்டு எழுதியது, அதை மட்டும் வைத்துக்கொண்டு நம் அம்மாக்களைப் புரிந்துகொண்டதாக நினைத்துவிடக் கூடாது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. கதையில் படித்ததை எதிரே இருப்பவர் மேல் ஏற்றிவிடக் கூடாது. கதை கேள்வி கேட்கக் கற்றுத் தரும், பதிலை வந்தவர்தான் சொல்ல வேண்டும்.

மயிலாடி மகாராசன், பிற்பாடு வேதமாணிக்கம், இருநூறு ஆண்டுக்கு முன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். வழியில் தஞ்சாவூரில் சொந்தக்காரர்கள் வாயிலாகப் புதிய செய்தி ஒன்று காதில் விழுந்தது. அதன் தொடர்ச்சியாக 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். மதத்தைப் பற்றி நமக்குள் பல கருத்து இருக்கலாம். ஒரு சாம்பவர் நடந்துபோய்த் தகவல் கொண்டுவந்ததால் இந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடம் வந்தது என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. சீனியர் அக்காவிடம் கேட்பது என்று நம் பிள்ளைகளின் வரிசையில் முதலில் இருந்ததே, அதை நாம் தாழ்வாகச் சொல்லவில்லை. சொந்தம் வழியாகத் தகவல் வருவது நமக்குப் பழைய பழக்கம். அந்த அக்காவின் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதற்காக மன்றம் இப்போது இரண்டு வேலைகளைக் கையில் எடுத்திருக்கிறது. 14ஆம் விதியையும், 2016, 2018 தீர்ப்புகளின் வழிமுறைப் பகுதிகளையும் எளிய தமிழில் ஒரு சிறு நூலாக்க வேண்டும். வழக்கறிஞர் தோழர்கள் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு, பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் பெயரோ வந்தவர் பெயரோ சொல்லாமல் கேள்வியை மட்டும் சீட்டில் எழுதிப் போட்டு எல்லோரும் சேர்ந்து தேடுகிற உட்காரல் ஒன்று நடக்கும். எந்த ஊர், எந்தச் சபை என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். இன்று வந்திருக்கும் மாணவர்கள் போகும்போது வாசலில் இருக்கும் நோட்டில், நீங்கள் இதுவரை கேட்காமல் வைத்திருக்கும் ஒரு கேள்வியை எழுதிவிட்டுப் போங்கள். முதல் உட்காரலை அதிலிருந்து தொடங்கலாம்.